நிலைக்காலில் கட்டெறும்பு

...கரையானாம், கரையான் என்றால் மண் எங்கே, நிர்மலா வாசல் நிலைக்காலின் அடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து உற்றுப் பார்த்தாள், மண் ஒட்டவில்லை, வெறும் மரத்தூள்தான் கொட்டிக் கிடக்கிறது, தூளுக்குள் ஒடிந்த கால்கள், ஒரு சிறகு... கட்டெறும்பு! கரையான்தான் மரத்தைத் தின்னும், இது தின்னாது, குடைந்து குடியிருக்கும், அவ்வளவுதான். இது தெரியாமல் மாதையன் மாமா, செத்துப்போன புருஷன் முருகனின் அண்ணன், நேற்று இதே வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி என்ன பேச்சு பேசினார்... "தாலி அறுத்தவ நெலையில மஞ்ச பூசாதன்னு சொன்னனா இல்லியா? வூட்டையே கரையான் அரிச்சிருச்சி பாரு. ஞாயித்துக்கெழம ஆளு வரும், இடிச்சிப்புடலாம். நீ உங்கம்மா வூட்டுக்குப் போயி இரு." போவதா? முருகன் லாரி ஓட்டிச் சேர்த்து, அவளே சித்தாளாகக் கல் சுமந்து கட்டிய வீடு, அவன் தொப்பூர் இறக்கத்தில் லாரியோடு போனான் என்றால் வீடும் அவளை விட்டுப் போக வேண்டுமா? நேற்றே கேட்டிருக்கலாம், இன்றைக்கு வரட்டும் அவர்...

கரண்டிக் காம்பால் தட்டினாள், மேலே கெட்டியான சத்தம், அடியில் ஒரு சாண் மட்டும் பொக்கை. அதை அறுத்தெறிந்துவிட்டுப் புதுக்கட்டை சேர்த்தால் நிலை நிற்கும், இதற்குப் போய் வீட்டை இடிப்பானேன்? மருந்து அடித்தால் வெளியே திரிகிற நாலு எறும்புதான் சாகும், கூடு அப்படியே இருக்கும், அதனால்தான் மகள் கவிப்பிரியாவின் கேரம் போர்டுப் பவுடரை, போரிக் பவுடர்தானே அது, வெல்லப்பாகில் துளி குழைத்து வைத்திருக்கிறாள், தூக்கிக்கொண்டு உள்ளே போகிறது பார், போ, எல்லாருக்கும் கொடு. ஆனால் ஜன்னலை விட்டு, பரணை விட்டு, இங்கே ஏன் வந்தது? ஈர மரம்தான் அதற்கு வேண்டும். மழை பெய்து மூன்று மாதமாகிறதே, ஈரம் எங்கிருந்து... கை பக்கெட்டில் பட்டது. மஞ்சள் தண்ணீர். வெள்ளிக்கிழமை. முருகன் இருந்தவரை அரைச் சொம்பு தெளிப்பாள். நிலையைத் தொடாதே என்றார்களே, அந்த வாரமே ஒரு பக்கெட் ஊற்றினாள், மாமா தெருவில் வருவது தெரிந்தால் இன்னொன்று, வாராவாரம், மூன்று வருஷமாக... அப்படியானால் இந்த எறும்புக்குக் குடிவைத்தது யார்?

வண்டிச் சத்தம். மாமாதான். எழுந்து வாசலை அடைத்து நின்றாள். "கரையான் இல்லீங்க மாமா, கட்டெறும்பு. ஒரு சாண் அறுத்தாப் போதும், ஆசாரிய வரச் சொல்றேன். வூட்டுல யாரும் கை வைக்கக் கூடாது. நான் எங்கியும் போவல." அவர் கண் பக்கெட்டுக்குப் போனது. "இன்னிக்கித் தண்ணி ஊத்தலியா?" அவள் அவர் எதிரிலேயே தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினாள், குங்குமத்தைத் தொட்டுக் காய்ந்த மரத்தில், உயரத்தில், அழுத்திப் பொட்டு வைத்தாள். மூன்று வருஷத் தண்ணீர் சாமிக்கா ஊற்றினோம், இவருக்கா... இந்தப் பொட்டு யாருக்கு? தெரியவில்லை. கையை எடுக்கவும் இல்லை.