நோயலின் எலும்பு, பியூலாவின் ரத்தம்

1

இந்தக் கதைக்குக் கரு தந்தது ஒரு டாக்டர் சொன்ன ஒற்றை வாக்கியம். எழுத உட்கார்ந்ததும் ஊர்தான் முதலில் வந்தது. (‘கோலார் தங்கவயலில் ஷிப்ட் சங்கு ஊதினால் அப்போதெல்லாம்...’ வேண்டாம். ஊரைத் தொட்டால் நிறுத்த முடியாது.) ‘நான்’ என்று எழுதினாலோ அழுகை முந்துகிறது. அதனால் இதை எழுதுகிறவள் இனி பியூலா.

2

பியூலாவும் தம்பி நோயலும் நந்திதுர்க் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் ஒரே போர்வைக்குள் வளர்ந்தவர்கள். தங்கம் பிரித்தெடுத்த கழிவுமண் குவிந்த சயனைடு மேட்டில் தகரம் வைத்துச் சறுக்கி அவன் கையை ஒடித்துக்கொண்டபோது, ஆஸ்பத்திரிவரை முதுகில் சுமந்து ஓடியவள் அவள். “அப்பாகிட்ட சொல்லாதக்கா” என்று வழியெல்லாம் காதுக்குள் கெஞ்சிக்கொண்டே வந்தான்.

அந்த நோயல்தான், அவள் சிவகுமாரை மணந்ததும், “கோயிலுக்குப் போறவனைக் கட்டிக்கின இல்ல, இனிமே நீ யாரோ” என்றான். கடைத்தெருவில் எதிரே வந்தால் அவன் முகத்தை

(இந்த வாக்கியம் இப்படியே கிடக்கட்டும்.)

3

பிறகு நோயலின் மஜ்ஜையில் ரத்தம் ஊறுவது நின்றது. பொருந்தியது பியூலாவின் மஜ்ஜை மட்டும்தான்.

“உனக்குச் சம்மதம்தானே?” என்றாள், பெங்களூர் ஆஸ்பத்திரியில்.

“கல்யாணத்துக்கு என்னைக் கேட்டியா?”

“கேட்டிருந்தா வேணாம்னிருப்ப.”

“இப்பவும் அதையே சொன்னா?”

“சொல்லு. சொல்லிட்டுக் கையெழுத்துப் போடு.”

போட்டான். அவளைப் பார்க்கவில்லை.

4

மஜ்ஜையைக் கொடுத்தாயிற்று. அவன் ரத்த அணுக்களின் எண்ணிக்கை ஏறவில்லை. வராந்தாவில் டாக்டர் ஷைலாவிடம் பியூலா கேட்டாள்: “என் ரத்தத்துக்கு இன்னும் அவன்மேல கோவமா?”

“நீங்க குடுத்தது விதை மாதிரி. அது குடியேறுற இடம் அவர் எலும்பு. எலும்புக்குள்ள இருக்கற செல்களோட* சைகையும் வேணும், அது பெருக. அவர் எலும்பு உங்களை ஏத்துக்கணும்.”

(*கெட்டி எலும்புக்குள் புதைந்து, மெல்லிய இழைகளால் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பவை. மஜ்ஜையில் ரத்தம் உருவாவதில் அவற்றுக்கும் பங்குண்டாம். இங்கே எலும்பைச் சுரங்கத்தோடு ஒப்பிட்டு ஒரு பக்கம் எழுதி அடித்துவிட்டேன். அழகாகத்தான் இருந்தது, அதில் நோயலைக் காணவில்லை.)

ஒரு காலை அணுக்கள் ஏறத் தொடங்கின. மாதங்கள் போக, அவன் ரத்த வகையே அவளுடையதாக மாறியது.

“ரத்தம் உன்துதான், ஒத்துக்கறேன்” என்றான் நோயல். “எலும்பு என்துதான்க்கா.”

பியூலாவுக்கு ‘அக்கா’ மட்டும்தான் கேட்டது.

5

அவன் வராமலே போகும் முடிவு ஒன்று எழுதினேன். காலில் விழும் முடிவு ஒன்று. இரண்டும் பொய்.

நடந்தது இது. ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து, மாஸ்க்கோடு பியூலாவின் ஆண்டர்சன்பேட்டை வீட்டு வாசலில் நோயல் நின்றான். கதவைத் திறந்தவர் சிவகுமார்.

“வாங்க மச்சான்.”

செருப்பைக் கழற்றக் குனிந்த நோயல், குனிந்தபடியே ஏதோ சொன்னான். சிவகுமார் அவன் தோளைப் பிடித்து உள்ளே அழைத்தார்.

அடுப்படியிலிருந்து பார்த்த பியூலாவுக்கு அது கேட்கவில்லை. இன்றுவரை அவள் கேட்கவும் இல்லை. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். சின்ன வாக்கியமாக இருக்கட்டும். ஒரு செருப்பைக் கழற்றும் நேரம்தான் அவனுக்கு ஆயிற்று.