புத்தகம் மூடும் சத்தம்

மாணவர் உதவி மையத்தைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றப் போவதாகப் பல்கலைக்கழக நிர்வாகம் சொல்லிக்கொண்டே இருந்தது. நிர்வாகம் சொன்னதெல்லாம் நடக்கும் என்று யார் கண்டார்கள்? ஒரு திங்கட்கிழமை காலையில் நிஜமாகவே ஆட்கள் வந்து, நூலகப் படிக்கட்டுக்கு அடியில் இருந்த அந்த அறையின் அலமாரிகளைக் கழற்ற ஆரம்பித்ததும் மையத்தின் தலைவிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வளாகத்தில் அவளை எல்லாரும் மேடம் என்பார்கள். ஆனால் இந்த அறை அவளுக்குக் கொடுத்த பெயர் நீதிபதி. பிறவியிலேயே பார்வை இல்லாத அவள் மாணவியாக இங்கே வந்த காலத்தில், பாடப் புத்தகங்களை யாராவது வாய்விட்டுப் படித்துக் கேசட்டில் பதிவு செய்து கொடுப்பார்கள். படித்தது சரியில்லை என்றால் இவள் கையை உயர்த்தி, "திரும்பப் படி" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவாள். அந்தத் தீர்ப்புகளை அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டவள்தான் அந்தப் பெயரையும் வைத்தாள். பதிலுக்கு நீதிபதி அவளுக்கு வைத்த பெயர் ரேடியோ. வாய் ஓய்ந்தால்தானே வேறு பெயர் யோசிக்க முடியும்?

அந்த ரேடியோவுக்குப் போன வருஷம் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. உயிர் தப்பியது, குரல் போய்விட்டது. இப்போது அவள் எழுதி அனுப்புவாள், நீதிபதியின் கைபேசி அதை வாசித்துச் சொல்லும். ரேடியோவின் நக்கலும் நையாண்டியும் ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி ஏற்ற இறக்கமில்லாமல் வந்து விழும்போது நீதிபதிக்குச் சிரிப்பதா அழுவதா என்றே தெரியாது.

போன வாரம் வந்த செய்தி இது. "ரூமைக் காலி பண்றாங்களாமே. என் குரல் எங்கயாவது கிடந்தா எடுத்து வை. எனக்கே மறந்துபோச்சுடி. மனசுக்குள்ள பேசிப் பார்க்கிறேன், வார்த்தை வருது, குரல் வரல."

அவள் வீட்டில் வீடியோக்கள் இல்லாமல் இல்லை. எல்லாவற்றிலும் யாரையாவது சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருப்பாள், இல்லை, தள்ளி நிற்கச் சொல்லிக்கொண்டிருப்பாள். படிக்கிற குரல் எதிலும் இல்லை. அது இருந்த கேசட்டுகளை அந்தக் காலத்திலேயே அழித்துவிட்டார்கள். ஒன்றே ஒன்றுதான் தப்பியது. தப்பிய காரணம் அது ஒரு விசாரணையில் சாட்சியாகப் போனது. போனது திரும்பி வரவேயில்லை. தேர்வுப் பிரிவில் கேட்டுக் கேட்டு நீதிபதிக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். போன மாதம் அந்தப் பிரிவும் இடம் மாறியபோது, தங்களுக்கு வேண்டாத ஒரு பெட்டியை "உங்க பழைய சாமான்" என்று இங்கே தள்ளிவிட்டுப் போயிருந்தார்கள். அதில் இருந்தாலும் இருக்கலாம்.

"அந்தப் பெட்டியைத் தனியா வைக்கச் சொன்னேனே, எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

கேசட்டுகளைக் கணினிக்கு மாற்ற வந்திருந்தவர் அலமாரிக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார். கம்ப்யூட்டர்காரர் என்றுதான் அவரை எல்லாரும் கூப்பிடுவார்கள். வேலையில் சுறுசுறுப்பு, அதுவே சில நேரம் ஆபத்து.

"அதையும் பிரிச்சுப் பார்த்துட்டேன் மேடம். நீங்க பிரெயில் பொட்டு ஒட்டினது எல்லாம் இந்தப் பக்கம். பொட்டு இல்லாததை எல்லாம் சாக்குல கட்டி வெளிய அனுப்பிட்டேன்."

"வெளியன்னா எங்க?"

"குப்பை வண்டிக்கு."

அந்தக் கேசட்டின் மேல் பொட்டு இருக்காது. விசாரணைக்காரர்கள் பொட்டைப் பிய்த்துவிட்டு அதன் மேல் பேனாவால்தான் எழுதினார்கள். வெள்ளைக் கோலை எடுத்துக்கொண்டு நீதிபதி கிளம்பிய வேகத்தைப் பார்த்துக் கம்ப்யூட்டர்காரரும் பின்னாலேயே ஓடி வந்தார்.

நடைபாதை முழுக்க அவளுக்கு அந்த நாட்கள்தான்.

அப்போது இந்த அறையின் சுவர்களில் பழைய மெத்தைகளைச் சாத்தி வைத்திருப்பார்கள், வெளிச்சத்தம் கேசட்டில் ஏறக் கூடாது என்று. மின்விசிறியின் சத்தமும் ஏறக் கூடாது. அதனால் ஒவ்வொரு பதிவும் விசிறியை நிறுத்தும் ‘டக்’ என்ற சத்தத்தோடுதான் தொடங்கும். படிப்பவர்கள் வேர்த்து விறுவிறுத்துப் போய் வெளியே வருவார்கள். ஒரு தடவை வந்தவர்கள் மறு தடவை அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். வேதியியல் படித்துக்கொண்டிருந்த ரேடியோ மட்டும் தினமும் வந்தாள்.

"வீட்டுல நான் வாயைத் திறந்தா அண்ணன் மூடுன்னுவான். இங்கதான் பட்டனை அமுக்கிட்டு, பேசுங்கறாங்க" என்பாள்.

சுவரில் ஒரு விதி ஒட்டியிருந்தது. அச்சில் உள்ளதை மட்டும் படிக்க வேண்டும். மற்றவர்கள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். ரேடியோவுக்கு அது காதிலேயே ஏறவில்லை. வரலாற்றுப் பாடத்தின் நடுவில், "இதை எழுதினவர் சாப்பிட்டுட்டுத் தூக்கக் கலக்கத்துல எழுதியிருக்காரு போல, நீங்களும் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்பாள். பார்வையில்லாத மாணவர்கள் ஆறு பேரும் அந்தக் கேசட்டுகளுக்கு அடித்துக்கொள்வார்கள். பாடம் மண்டையில் ஏறியது அவளால்தான்.

கடைசி வருஷத் தேர்வு முடிந்து எல்லாருக்கும் முடிவு வந்தது, இந்த ஆறு பேருக்கு மட்டும் வரவில்லை. என்னவென்று விசாரித்தால் தலையில் கல்லைப் போட்டார்கள். ஆறு பேரின் விடைத்தாளிலும் ஒரே வரி அச்சு அசலாக இருக்கிறதாம். ஆறு பேரும் வேறு வேறு அறையில் உட்கார்ந்து, வேறு வேறு ஆட்களிடம் சொல்லி எழுத வைத்தவர்கள். ஆனால் அந்த வரி புத்தகத்திலேயே இல்லை. அப்படியென்றால் எழுதிக் கொடுத்தவர்கள் கூடிப் பேசியிருக்கிறார்கள் என்றது தேர்வுப் பிரிவு. இவர்களின் வருஷம் போகும், இனிமேல் யாருக்கும் உதவிக்கு ஆள் கிடையாது என்ற அளவுக்குப் பேச்சு போனது. நீதிபதிக்கு மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. முடிவு வராவிட்டால் அந்த இடம் கைநழுவிவிடும்.

அந்த வரி இதுதான்: "கால்வாயை வெட்டியவர்கள் எங்கே தண்ணீர் குடித்தார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை."

புத்தகத்தில் இருக்கிறது என்று ஆறு பேரும் சத்தியம் செய்தார்கள். கண் தெரிந்தவர்கள் பக்கம் பக்கமாகத் தேடி, இல்லை என்றார்கள். அன்று மத்தியானம் விடுதி அறையில் நீதிபதி அந்தக் கேசட்டைப் போட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். கால்வாய்ப் பாடம் முடிகிறது. ‘டப்’ என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகுதான் அந்த வரி, அதே படிக்கிற குரலில். எத்தனையோ தடவை கேட்ட கேசட், அந்தச் சத்தம் என்ன என்று அன்றுவரை அவள் யோசிக்கவே இல்லை. புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லியிருக்கிறாள், பாவி.

ரேடியோவிடம் போய்ச் சொன்னாள்.

"ஏன்டி அப்படிச் சொன்ன?"

"தெரியலடி. நாற்பது பக்கம் கால்வாய். எவ்வளவு நீளம், எத்தனை மதகு, யார் வந்து திறந்து வெச்சாங்க, எல்லாம் இருக்கு. வெட்டினவங்களுக்கு ஒரு வாய் தண்ணி கிடைச்சுதான்னு மட்டும் இல்ல. ஃபேன் வேற கிடையாது, எனக்கே தொண்டை வறண்டுபோச்சு. வாய் சும்மா இருக்குமா?"

"கேசட்டைக் காட்டினா உன்னை உள்ள விடமாட்டாங்க."

"காட்டலைன்னா உங்க வருஷம் போகும். இதுல யோசிக்க என்ன இருக்கு? வாய் என்னுது, பரீட்சை உங்களுது. கொடு இங்க."

கேசட்டைப் பிடுங்கிக்கொண்டு அவளே போனாள். நீதிபதியும் கூடப் போனாள். விசாரணைக் குழுவில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் அந்தப் புத்தகத்தை எழுதிய பேராசிரியர். அது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. கேசட் ஓடியது. தூக்கக் கலக்கம், டீ எல்லாம் வரிசையாக வந்தன. கால்வாய் வந்தது, ‘டப்’ வந்தது, வரி வந்தது.

பேராசிரியர் தன் முன்னால் இருந்த புத்தகத்தை எடுத்து ஒரு தடவை மூடிப் பார்த்தார். அதே ‘டப்’.

"என் புத்தகத்தை இவ்வளவு சந்தோஷமா யாரும் மூடினதில்லம்மா" என்றார்.

ஆறு பேரும் தேறினார்கள். அந்த வரிக்குத் திருத்தியவர் மதிப்பெண் போட்டிருந்தார் என்றும் பிறகு கேள்விப்பட்டார்கள். ஆனால் விதி விதிதான். ரேடியோ இனிமேல் பதிவு அறைக்குள் வரக் கூடாது. அவள் படித்த கேசட்டுகள் கலப்படம், அவற்றை அழித்து வேறு பாடம் ஏற்ற வேண்டும்.

"கலப்படமாம்! நான் என்ன பால்ல தண்ணியா ஊத்தினேன்?" என்று சிரித்தாள் ரேடியோ. சிரிப்புக்கு நடுவில் மூக்கை உறிஞ்சியது நீதிபதிக்குக் கேட்டது.

மறுநாளும் அவள் வந்தாள். உள்ளே வரவில்லை. அறைக்கு வெளியே, படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டாள். "ரூமுக்குள்ளதானே பேசக் கூடாது, படியில பேசலாமே" என்றாள். நீதிபதி மேற்படிப்புப் படித்த காலம் முழுக்க அந்தப் படிக்கட்டில்தான் பாடம் நடந்தது. மேலே நூலகத்துக்கு ஏறுகிறவர்கள் இவர்களைச் சுற்றிக்கொண்டு ஏறினார்கள். சிலர் நின்று கேட்டார்கள். ஒரு குடுவைத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காற்று அடிக்க அடிக்க ரேடியோ படித்தாள். அதில் ஒரு வரிகூட எந்தக் கேசட்டிலும் இல்லை. அப்படி மத்தியானங்கள் இனி எந்தப் பிறவியில் கிடைக்கும்? எவ்வளவு நல்ல கட்டடம் கட்டினாலும் கிடைக்காது என்று நீதிபதிக்குத் தெரியும்.

குப்பை வண்டி இன்னும் வந்திருக்கவில்லை. சாக்கு, வாசல் ஓரம் நனைந்த காகிதங்களோடு கிடந்தது. மேடம் தரையில் உட்கார்ந்து சாக்கைக் கவிழ்த்ததைப் பார்த்துக் காவலாளி பதறிப்போய் நாற்காலி எடுக்க ஓடினார். ஒவ்வொரு கேசட்டாகத் தடவினாள். பொட்டு இல்லை, பொட்டு இல்லை, எதிலும் இல்லை. ஆயுள் முழுக்கப் பொட்டைத் தேடிய விரல்களுக்கு இது புது வேலை.

"மேல ஏதாவது எழுதியிருக்கான்னு பாருங்க" என்றாள்.

கம்ப்யூட்டர்காரர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் நிறுத்தினார். "இதுல பேனா எழுத்து. வெளியே கொடுக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு."

நீதிபதி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

அறைக்கு வந்து பழைய பிளேயரில் போட்டார்கள். இரைச்சல். பிறகு ‘டக்’. விசிறி நின்றது. இருபது வயது ரேடியோ தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். நீதிபதி உடனே நிறுத்திவிட்டாள். இதைத் தனியாகக் கேட்க அவளுக்கு மனசு வரவில்லை.

"முதல்ல கம்ப்யூட்டர்ல ஏத்திடறேன் மேடம். அந்த டக்கு டப்பு எல்லாம் எடுத்துட்டுச் சுத்தமாக் கொடுக்கிறேன்" என்றார் அவர்.

"ஒரு சத்தத்துல கை வெச்சீங்க, நானும் நீங்களும் இன்னைக்கோட சரி" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே அப்படியே ஏற்றினார்.

பிறகு ரேடியோவின் வீட்டுக்கு ஃபோன் போட்டாள். மகள் எடுத்தாள்.

"பெரியம்மா, அம்மா ஃபோன் கிட்டயே வரமாட்டாங்களே. ஆபரேஷனுக்கு அப்புறம் யார் கூப்பிட்டாலும் எழுந்து போயிடறாங்க."

"பேச வேண்டாம்னு சொல்லும்மா. கேட்டா போதும்னு சொல்லு."

அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. யாரோ உட்கார்ந்தார்கள். நீதிபதி கைபேசியைப் பிளேயரின் அருகில் வைத்துப் பட்டனை அமுக்கினாள்.

குரல் வந்தது. என்ன குரல் அது! எப்போது சிரிக்கலாம் என்று இடம் பார்த்துக்கொண்டே படிக்கிற குரல். தூக்கக் கலக்கம் வந்தது, டீ வந்தது. கால்வாயின் நீளம் வந்தது, மதகுகள் வந்தன. ‘டப்’. பிறகு, வறண்ட தொண்டையோடு, அந்த ஒரு வரி. கேசட் நின்றது.

"கேட்டியாடி?" என்றாள் நீதிபதி.

கேட்ட பிறகுதான் தன் மடத்தனம் உறைத்தது. பதில் எப்படி வரும்? அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. எழுந்து போகும் காலடிச் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், போய்விட்டாள், வேண்டாத வேலை செய்துவிட்டோமே என்று நீதிபதி கையைப் பிசைந்தாள்.

காலடி திரும்பி வந்தது. நாற்காலி மறுபடி நகர்ந்தது. ஃபோனுக்கு வெகு அருகில், தாள்கள் புரளும் ஓசை.

‘டப்’.

நீதிபதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழைய வழக்கப்படி கையை உயர்த்தினாள்.

"திரும்பப் படி" என்றாள்.