மூப்பரின் கைக்குட்டை

சபையில் எல்லோரும் அவளை டிக்கெட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வாரம் முழுக்கப் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆலய வாசலில் நின்று, வருகிறவர்களுக்குக் கைகொடுத்து, இடம் பார்த்து உட்கார வைக்கிற வேலை. இந்த இரண்டாவது வேலையைப் போதகரிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கினாள். பக்தி என்று போதகர் நம்பினார். பாவம், நல்ல மனுஷன்.

உண்மையில் காரணம் சபைப் பெரியவரான மூப்பர். ஆராதனை நடுவில் பக்கத்தில் இருப்பவருக்குக் கைகொடுத்து 'சமாதானம்' சொல்வது அந்தச் சபையின் வழக்கம். பிழைக்க வந்த வேற்று இனத்துக்காரியான அவளுடைய அம்மா, ஒருநாள் மூப்பருக்குக் கை நீட்டினாள். அவர் விரல் நுனியை மட்டும் கொடுத்தார். பிறகு கைக்குட்டையை எடுத்து, அம்மா பார்க்கப் பார்க்க, ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். அம்மா எழுந்து போனவள்தான். சாகும்வரை ஆலயப் படி ஏறவில்லை.

மகள் சும்மா விடுவாளா? "அந்த ஆளே தேடி வந்து எனக்குக் கை நீட்டணும். அன்னைக்கு நான் துடைக்கிறேன் பாரு" என்று அம்மாவின் கல்லறையிலேயே சொல்லிவிட்டு வந்தாள்.

அதுவரை அவரை நிம்மதியாக உட்கார விடவும் அவளுக்கு மனசில்லை. கவுண்டரில் வேற்று இனத்து முகம் எது தெரிந்தாலும், டிக்கெட்டோடு சேர்த்து, "ஞாயித்துக்கிழமை எங்க சபைக்கு வாங்க" என்றாள். வந்தவர்களை நேராக மூப்பர் பெஞ்சுக்குக் கூட்டிப்போனாள். கப்பல்காரர், வெல்டர், சலவைக்கடையில் வேலை பார்க்கிற பெண் என்று வாரத்துக்கு ஒருவர். சமாதானம் சொல்லும் நேரத்தில் மூப்பர் முகத்தில் ஈயாடாது. போதகர் பார்க்கிறாரே என்று பெஞ்சுக்கு அடியில் ஒளித்துத் துடைத்துக்கொள்வார். பின்னால் நின்று அதைப் பார்ப்பதில் அவளுக்கு அப்படி ஒரு சுகம்.

வந்தவர்களோ தங்கிவிட்டார்கள். சொந்தபந்தங்களையும் கூட்டிவந்தார்கள். பெஞ்சு போதவில்லை, பாட்டு மூன்று மொழியில் ஒலித்தது. "எல்லா ஜனத்தையும் அன்பால சேர்த்த சகோதரி!" என்று போதகர் அவளை எழுந்து நிற்கச் சொன்னார்.

புருஷன் அவள் காதைக் கடித்தான். "அன்பா? வயித்தெரிச்சல்ல ஒரு சபையே கட்டிட்டியே!"

"வாயை மூடிட்டுப் பாட்டைப் பாடுங்க."

அந்த மழைக்காலத்தில் மூப்பர் குளியலறையில் வழுக்கி இடுப்பை முறித்துக்கொண்டார். வெல்டர்தான் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். கப்பல்காரர் கரையில் இருந்த நாளெல்லாம் கட்டிலருகில் கிடந்தார். சலவைக்கடைப் பெண் துணி துவைத்துக் கொடுத்தாள். டிக்கெட்டக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழிவாங்கக் கூட்டிவந்த ஆட்கள் அவருக்கே பணிவிடை செய்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

ஊன்றுகோலோடு மூப்பர் மறுபடி ஆலயத்துக்கு வந்த அன்று, வாசலில் அவள் எதிரே நின்றார். அவராகவே கையை நீட்டினார்.

"உங்கம்மாவுக்கு நான் செஞ்சது பெரிய பாவம்மா."

அவள் அந்தக் கையை இறுகப் பிடித்துக் குலுக்கினாள். பிறகு, இந்த நாளுக்கென்றே இஸ்திரி போட்டு வைத்திருந்த கைக்குட்டையை எடுத்து, அவர் பார்க்கப் பார்க்க, தன் கையை ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். மூப்பர் கடைசி விரல்வரை பார்த்துக்கொண்டு நின்றார். "சரிதாம்மா" என்று தலையைக் குனிந்து உள்ளே போனார்.

அவள் நெஞ்சு குளிர்ந்தது. பார்த்தியாம்மா, பார்த்தியா என்று மனசுக்குள் கத்தினாள்.

கைக்குட்டையை மடிக்கும்போதுதான் அடுத்து நிற்பவளைக் கவனித்தாள். சலவைக்கடைப் பெண். நீட்ட வந்த கை பாதியில் நின்றிருந்தது.

"அந்தத் தாத்தா துடைப்பாரு, தெரியும் அக்கா. பெஞ்சுக்கு அடியில பார்த்திருக்கேன். வாசல்ல நீங்க நிக்கிறீங்கன்னுதான் வந்துட்டிருந்தேன்" என்றாள். "எங்க கையைப் பிடிச்சிட்டும் நீங்க இப்படித்தான் துடைப்பீங்களா?"

"ஐயோ, இல்லம்மா, இது வேற விஷயம், எங்கம்மாவை..."

அதற்குள் அந்தப் பெண் கைகளைக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். அம்மா இறங்கிப் போனதும் அதே படியில்தான்.