க்ளெம் கேட்கும் மன்னிப்பு

கிறிஸ்துமஸ் எபிசோடுக்கு மார்ச் மாதமே குரல் கொடுத்துவிட வேண்டும். கார்ட்டூன் தொழிலில் அதுதான் வழக்கம். முதலில் குரல், அப்புறம் அந்தக் குரலுக்கேற்ற வாயசைவு. கொரியாவில் படம் வரைந்து, வண்ணம் பூசித் திரும்பி வர ஒன்பது மாதம் பிடிக்கும். அதனால்தான் கலிபோர்னியாவின் பர்பாங்கில் வெயில் கொளுத்திய அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம், எழுபத்தொரு வயது லோவெல் ஹஸ்கின்ஸ் அரைக்கைச் சட்டையோடு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, கொட்டும் பனியில் மாட்டிக்கொண்டவர் போலப் பற்கள் கிடுகிடுக்க நடுங்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மூன்று பேர். டைரக்டர் ரோண்டா, ஒலிப்பதிவு செய்யும் ஹாகோப், எபிசோடை எழுதிய வெஸ்லி. வெஸ்லி, லோவெலின் மகன்.

தொடர் இருபத்தைந்து வருடமாக ஓடுகிறது. க்ளெம் என்ற குண்டுக் குழாய் ரிப்பேர்க்காரனும் அவன் குடும்பமும்தான் கதை. மூக்கால் பேசும் க்ளெமின் கரகரத்த குரலைத் தெரியாத வீடு அமெரிக்காவில் இல்லை. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் லோவெல். சம்பளமும் அந்தக் குரலுக்குத்தான், புகழும் அதற்குத்தான், வீட்டில் இருந்த கொஞ்சநஞ்ச பாசமும் அதன் வழியாகத்தான் வந்தது. சொந்தக் குரலில் லோவெல் பேசியதெல்லாம் கார் சாவி எங்கே, டிவி சத்தத்தைக் குறை, இந்த மாதிரி சங்கதிகள். ‘நல்லா பண்ணேடா’ என்று சொல்ல க்ளெம் வர வேண்டும். மகனுக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதும் க்ளெம்தான். விவாகரத்துச் செய்தியைக்கூட ஒன்பது வயதுப் பிள்ளையிடம் அவர் க்ளெம் குரலில்தான் சொன்னார். பையன் சிரித்துவிட்டான். சிரித்ததற்காக வெஸ்லி இன்றுவரை தன்னையே மன்னிக்கவில்லை.

வெஸ்லிக்கு இது முதல் ஸ்கிரிப்ட். முப்பத்துநான்கு வயதில் கிடைத்த வாய்ப்பு. இது எடுபடாவிட்டால் அடுத்ததைக் கொடுக்க யாரும் வரிசையில் நிற்கவில்லை. ஆனால் அவன் அதற்காக மட்டும் இதை எழுதவில்லை. முப்பத்திரண்டாம் பக்கத்தில் க்ளெம் தன் மகன் டாபியிடம் மன்னிப்புக் கேட்கிறான். அந்த வார்த்தையை அப்பாவின் வாயால், தன் காதால், ஒரு தடவையாவது கேட்டுவிட வேண்டும். அதற்குத்தான் மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டான். இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. நகைச்சுவை எழுதுகிறவர்களிடம் இதைச் சொன்னால் அடுத்த வருடம் வரைக்கும் அதை வைத்தே கிண்டலடிப்பார்கள்.

“முப்பத்திரண்டுக்குப் போவோம்,” என்றாள் ரோண்டா. “டாபிக்குக் குரல் குடுக்கற நடிகை நேத்தே முடிச்சிட்டுப் போயிட்டாங்க. வெஸ், நீயே டாபி வரியப் படி. உன் வரிதானே.”

இந்த வேலையில் ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்துதான் பேசிவிட்டுப் போவார்கள். எதிராளியின் வரியை வெளியே இருக்கும் யாராவது படித்துக்காட்டுவார்கள். அதைக் கேட்டுக்கொண்டு நடிகர் தன் வரியை நிறுத்தாமல் மூன்று விதமாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு ‘டேக்’. மூன்றில் நல்லது எதுவோ அது படத்துக்குப் போகும்.

வெஸ்லி மைக் பொத்தானை அழுத்தினான்.

“எட்டு மணி வரைக்கும் யாரையும் சாப்பிட விடலப்பா. நீ வருவேன்னு சொன்னேன்.”

லோவெல் மூக்கைச் சுருக்கினார். க்ளெம் வந்துவிட்டான்.

“மன்னிச்சிடுடா, டாபி. ரோடெல்லாம் பனி. ஒரு மான் வந்து என்கிட்டயே வழி கேட்டுச்சுன்னா பாத்துக்கோ! மன்னிச்சிடுடா, டாபி. ரோடெல்லாம் பனி, வண்டியில ஹீட்டர் இல்ல, உங்கம்மா சுட்ட கேக்கத்தான் போர்த்திக்கிட்டு வந்தேன்! மன்னிச்சிடுடா…” மூன்றாவதில் வார்த்தையே இல்லை, நீளமாக ஒரு தும்மல்.

ஹாகோப் மேசையைத் தட்டிச் சிரித்தான். ரோண்டாவும் சிரித்தாள். வெஸ்லியின் முகத்தில் ஈயாடவில்லை.

“லோவெல், மானெல்லாம் வேணாம்,” என்றான். “எழுதியிருக்கறதை மட்டும் சொல்லுங்க.”

“மான் நல்லாத்தானே இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த இடத்துல ஜோக் கிடையாது.”

“கிறிஸ்துமஸ் எபிசோடுடா. குழந்தைங்க பாக்கும். அழவிட்டா கேக் இறங்குமா?”

“ஒரே ஒரு வரி. அதை அப்படியே சொல்லுங்க, போதும்.”

லோவெல் கண்ணாடி வழியாக மகனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எழுதியிருந்ததை எழுதியபடியே மூன்று தடவை சொன்னார். கச்சிதம். இருபத்தைந்து வருட அனுபவம் சும்மாவா? ரோண்டா கட்டைவிரலை உயர்த்தினாள். “மூணாவது சூப்பர். அடுத்த வரிக்குப் போவோம்.”

“இன்னொரு மூணு,” என்றான் வெஸ்லி.

லோவெல் சொன்னார்.

“இன்னொரு மூணு.”

சொன்னார். மறுபடியும் ஒரு மூன்று கேட்டான், அதையும் சொன்னார். சுவரில் கடிகாரம் நாலரையைத் தாண்டியது. ஆறு மணிக்கு எல்லாம் கொரியாவுக்குப் போயாக வேண்டும். ரோண்டா காலை ஆட்ட ஆரம்பித்தாள். வெஸ்லிக்கே தான் செய்வது அசிங்கமாகத்தான் பட்டது. ஆனால் நிறுத்த முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்டது க்ளெம். அப்பா இன்னும் வாயே திறக்கவில்லை.

“இன்னொரு—”

“என்னடா வேணும் உனக்கு?” லோவெல் ஹெட்ஃபோனைக் கழற்றிப் போட்டார். “பதினஞ்சு தடவை சொல்லியாச்சு. எதுல குறை?”

“எதுலயும் குறை இல்ல.”

“அப்புறம்?”

“க்ளெம் இல்லாம ஒரு தடவை சொல்லிப் பாருங்க.”

ஹாகோப் தன் முன்னால் இருந்த பொத்தான்களை அன்றுதான் முதல்முதலாகப் பார்க்கிறவன் போலக் குனிந்துகொண்டான்.

லோவெல் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை.

“ஓ. இதுக்குத்தானா? ரோண்டா, உனக்குத் தெரியுமா? இந்த டாபி இருக்கானே, இவன்தான் அது. எட்டு மணி வரைக்கும் சாப்பிடாம காத்திருந்தது, போன்ல கூப்பிட்டது, எல்லாம் எங்க வீட்டுச் சமாச்சாரம். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டானா? என் சட்டையவே உருவி எனக்கே விக்கறான். என் பேரச் சொல்லி வேலைக்கு வந்துட்டு, என்னையே கூண்டுல ஏத்தி விசாரிக்கறான்.”

“உங்க பேரச் சொல்லி நான் வரல.”

“ஹஸ்கின்ஸ்னு எழுதித்தானே அனுப்பினே?”

அடிமடியிலேயே கை வைத்துவிட்டார். வெஸ்லி எழுந்து நின்றான்.

“பதினோரு வயசுல, கிறிஸ்துமஸ் ராத்திரி, நான் வாசலப் பாத்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். போன் வந்துச்சு. ஸ்பீக்கர்ல போட்டாங்க. ‘க்ளெம் பேசறேன், டென்வர்ல பனி, பிளேன் உறைஞ்சு போச்சு’ன்னு. அம்மா சிரிச்சா, மாமா சிரிச்சார், எல்லாரும் சிரிச்சாங்க. நான் யார்கிட்டப் போய்க் கோவப்படறது? கார்ட்டூன்கிட்டயா?”

அவன் விரல் இன்னும் பொத்தானை அழுத்திக்கொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு சொல்லும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிபெருக்கியில் போய் விழுந்தது. ரோண்டா அவன் கையைத் தொட்டாள். “வெஸ், வேணாம். அஞ்சு நிமிஷம் பிரேக் விடலாம்.”

“பிரேக் வேணாம்,” என்றார் லோவெல். ஸ்கிரிப்டை எடுத்தார். தூர வைத்துப் பார்த்தார், கிட்ட வைத்துப் பார்த்தார். ஒரு நிமிடம் போயிருக்கும்.

“இதுல ஒரு தப்பு இருக்கு,” என்றார். கரகரப்பு இல்லை, மூக்கு இல்லை. வயதான, கொஞ்சம் மெலிந்த, யாரும் காசு கொடுத்துக் கேட்காத குரல். “பதினஞ்சு தடவை ஏன் சரியா வரலன்னு இப்பத்தான் புரியுது. க்ளெம் பனியில மாட்டிக்கிட்டான்னு எழுதியிருக்கே. பனியில மாட்டினவன் எதுக்குடா மன்னிப்புக் கேக்கணும்? அவன் மேல என்ன தப்பு?”

“நீங்க அன்னிக்குச் சொன்னதைத்தான் எழுதினேன்.”

“ஆமா. நான் சொன்னதைத்தான் எழுதியிருக்கே.” லோவெல் ஸ்கிரிப்டைக் கீழே வைத்தார். “டென்வர்ல நான் இல்லடா. பன்னண்டு மைல் தள்ளி என் ஃப்ளாட்டுல இருந்தேன். சட்டையெல்லாம் மாத்தி, உனக்கு வாங்கின சைக்கிள வண்டியில ஏத்தி, சாவியக் கையில வெச்சுக்கிட்டு ஆறு மணியிலேர்ந்து சோபாவுல உட்கார்ந்திருந்தேன். உங்கம்மா மூஞ்சியப் பாக்க தைரியம் இல்ல. உன் மூஞ்சியப் பாக்க அதைவிட இல்ல. க்ளெம் பேசினா நீ திட்ட மாட்டே, எல்லாரும் சிரிச்சிடுவாங்கன்னு தெரியும். தெரிஞ்சேதான் பண்ணேன். மன்னிச்சிடுடா.”

ஒரே ஒரு தடவைதான் சொன்னார். இரண்டாவது, மூன்றாவது கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

வெஸ்லி உட்கார்ந்துவிட்டான். இருபத்துமூன்று வருடமாக அவன் டென்வர் பனியைத்தான் திட்டிக்கொண்டிருந்தான். பன்னிரண்டு மைல்! சைக்கிளில்கூடப் போயிருக்கலாம். கோபம் குமுறிக்கொண்டு வந்தது, அதோடு வேறு என்னவோவும் சேர்ந்து வந்தது. இரண்டையும் பிரிக்கத் தெரியாமல் கண்ணீர் முட்டியது.

இந்தத் தொழிலில் ஒலிப்பதிவை நடுவில் நிறுத்த மாட்டார்கள். எப்போது எது நன்றாக வரும் என்று யாருக்குத் தெரியும்? சிவப்பு விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்தது. ஹாகோப் அதைப் பார்த்தான், பிறகு ரோண்டாவைப் பார்த்தான். ரோண்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கையோடு டைரக்டராகிவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது, வேலை அப்படி.

“வெஸ், டென்வரையும் சோபாவையும் வெட்டிடலாம். ‘தெரிஞ்சேதான் பண்ணேன், மன்னிச்சிடுடா.’ அது மட்டும். க்ளெம் முதல் தடவையா வேற குரல்ல பேசறான். இருபத்தஞ்சு வருஷத்துல இப்படி ஒண்ணு இந்த ஷோவுல வந்ததில்ல. உனக்கு விருது நிச்சயம். அடுத்த வருஷம் உனக்கு நாலு எபிசோடு எழுதத் தருவாங்க, நான் வாங்கித் தரேன்.”

“அவ சொல்றது சரிதான்,” என்றார் உள்ளே இருந்த லோவெல். கைக்குட்டையால் மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தார். “நல்ல டேக் அது. எனக்கே தெரியுது. அதையே போடு.”

வெஸ்லிக்குச் சுரீர் என்றது. நல்ல டேக்காமே! இதுவும் நடிப்புத்தானா? பதினாறாவது தடவையில் மகனுக்கு வேண்டியதைக் கொடுத்துவிட்டு மார்க் எதிர்பார்க்கிறாரா? அப்பாவின் முகத்தைப் பார்த்தான். அந்த முகம் எதையும் சொல்லவில்லை. ஆனால் ஸ்கிரிப்ட் ஸ்டாண்டைப் பிடித்திருந்த கை நடுங்கிக்கொண்டிருந்தது, மார்ச் மாத வெயிலில், மைக்குக்குக் கேட்காதபடி. பனிக்காக நடுங்கிக் காட்டியபோது அவர் அதைச் சத்தமாக அல்லவா செய்தார்.

தான் எழுதியதில் இதைவிட நல்ல முடிவு இல்லை என்று எழுதுகிறவனாக அவனுக்குத் தெரியும். இதுபோல இன்னொன்று அவன் கைக்கு வரவே வராது என்பதும் தெரியும். முதல் ஸ்கிரிப்டுக்காக அப்பாவின் அனுமதி இல்லாமல் வீட்டுச் சமாச்சாரத்தை எடுத்தவன்தானே, இப்போது அவரே கொடுக்கும்போது எடுத்துக்கொள்ள என்ன கேடு?

“ஹாகோப், அதுக்கு முந்தின டேக்கையே அனுப்பு,” என்றான் வெஸ்லி. “க்ளெம் குரல்ல இருக்கறதை.”

“பைத்தியமா உனக்கு?” என்றாள் ரோண்டா.

“இதை அழிச்சிடு. ஷோவுக்கு இல்ல இது. எனக்குச் சொன்னது.”

ஹாகோப் டைரக்டரைப் பார்த்தான். அவள் கையை விரித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். அவன் அழித்தான்.

உள்ளே லோவெல் எழுந்து நின்றார். மூக்கைச் சுருக்கினார், என்னவோ சொல்லி எல்லோரையும் சிரிக்க வைக்கப்போகிறார் என்றுதான் மூன்று பேரும் நினைத்தார்கள். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். ஹெட்ஃபோனை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டு மைக்குக்குப் பக்கத்தில் வந்தார்.

“எபிசோடு சுமாரா போயிடும்டா,” என்றார்.

“போகட்டும்ப்பா.”