பட்டர் எசன்ஸ் நாலு துளி

தவராசா ஜெர்மனியின் ஹார்பூர்க் ரயில் நிலையத்தில், புகைப்பவர்களுக்கென்று கோடு போட்ட மஞ்சள் கட்டத்துக்குள் நின்று ஓர் இழுப்பு இழுத்துப் புகையை விட்டால், ரயிலில் ஏற வேண்டியவர்கள் ஏற மாட்டார்கள், இறங்கியவர்கள் நகர மாட்டார்கள். எங்கே கேக் வெட்டுகிறார்கள் என்று எல்லோரும் தேடிக்கொண்டு நிற்பார்கள். ஒருமுறை இதனால் எஸ்-பான் ரயில் பதினொரு நிமிடம் பிந்தியது. ஒலிபெருக்கியில் வேறு காரணம் சொன்னார்கள். எனக்குத் தெரியும்.

தவராசாவுக்கு என் வயது, அறுபத்தெட்டு. எங்கள் விளையாட்டுக் கழகம் கோடையில் நடத்தும் கரப்பந்துப் போட்டிக்கு இருபத்திரண்டு வருடமாக அவன்தான் நடுவர். வலைக்குப் பக்கத்து ஏணி நாற்காலியில் உட்கார்ந்து அவன் விசில் ஊதினால் எல்பே ஆற்றில் கப்பல்கள் ஒதுங்கி வழிவிடும். வருடம் முழுக்க வீட்டில் அவன் மனைவி நேசமலர் சொல்வதுதான் சட்டம். அந்த ஒரு நாள், அந்த நாற்காலியில், அவன் சொல்வது சட்டம்.

சிகரெட்டால் விசில் கட்டையாகிறது என்றுதான் அவன் மின்சிகரெட்டுக்கு மாறினான். அதற்குள் விடுவதற்குக் கடையில் விற்கும் தண்ணியில் ஸ்ட்ரோபெரி, கோலா, புதினா ஒன்றும் பிடிக்கவில்லை.

"சவர்க்காரம் நக்கின மாதிரிக் கிடக்கு மச்சான்," என்று என்னிடம் வந்தான். நான் ஒரு கேக் தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம் வேலை செய்தவன். பெட்டி மடிக்கிற பகுதியில். அதை யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

"கேக்குக்கு விடுற பட்டர் எசன்ஸ் இருக்கெல்லே, அதில நாலு துளி கலந்து பார்," என்றேன்.

"ஒண்டும் செய்யாதோடா?"

"திண்டவனே சாகேல்லை. இழுக்கிறவனோ சாகப் போறான்?"

ஒரு மார்கழியில் என் தும்மல் காற்றிலேயே உறைந்துபோய் பக்கத்து வீட்டு யன்னலை உடைத்தது என்று சொன்னபோது நம்பாத தவராசா, இதை நம்பினான். சொன்ன நானும் நம்பித்தான் சொன்னேன்.

முதலில் சந்தேகப்பட்டவள் நேசமலர். தவராசாவுக்குச் சீனி வருத்தம், இனிப்புக்குத் தடை.

"அண்ணை, இவர் எங்கயோ ஒளிச்சு வைச்சுக் கேக் தின்னுறார். சேட்டெல்லாம் பட்டர் மணக்குது," என்றாள். நிலவறையில் இருந்த சூட்கேசுகளைக்கூடத் திறந்து பார்த்திருக்கிறாள். எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டு அவள் போட்ட இடியப்பத்தைச் சாப்பிட்டேன். தனி ஆளான எனக்குச் சனிக்கிழமைச் சாப்பாடு எப்போதும் அங்கேதான்.

வைகாசியில் பயிற்சி ஆட்டம். நாற்காலிக்கு நாலே படி. தவராசா இரண்டாம் படியில் நின்று ஆகாயத்தைப் பார்த்தான். மழை வருமோ என்று பார்ப்பவன் போல. பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தபோது அவன் விசில் "பீ" என்று தொடங்கி அதோடு நின்றது. பிள்ளைகள் தங்கள் பாட்டுக்கு விளையாடிக்கொண்டே போனார்கள்.

கழகச் செயலாளர் சுபானி அவனை இறக்கினாள். இங்கேயே பிறந்தவள், பகலில் நுரையீரல் வைத்தியர் ஒருவரிடம் மூச்சுப் பரிசோதனை எடுப்பவள்.

"மாமா, செவ்வாய்க்கிழமை எங்கட டொக்டரிட்ட டெர்மின் போடுறன். வராட்டி இந்த முறை சேயோன் விசில் பிடிக்கட்டும்."

சேயோன் நல்ல பொடியன்தான். ஆனால் பந்து எங்கே விழுந்தாலும் முதலில் தன் தாயின் முகத்தைப் பார்ப்பான்.

செவ்வாய்க்கிழமை நானும் போனேன். தவராசா குழாயை வாயில் வைத்து மூன்று தரம் ஊதினான். கணினியில் வந்த கோடு எழும்பப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

"என்ன மாமா இழுக்கிறியள்?"

"கடைத் தண்ணிதான் பிள்ளை. அங்க விக்கிறது," என்றான், என் பக்கம் பார்க்காமல்.

"அதுக்குள்ள பட்டர் எசன்ஸ் இருக்கு," என்றேன். "நான்தான் விடச் சொன்னது."

சுபானி திரும்பவேயில்லை. "அங்கிள், போன கிழமை உங்களுக்கு ஒரு புறா ஜெர்மன் படிப்பிச்சது எண்டியள்."

"அது வேற. இது உண்மை."

"அதையும் உண்மை எண்டுதான் சொன்னியள்."

கதிரையில் தொங்கிய தவராசாவின் ஜாக்கெட்டுக்குள் கைவிட்டு, கேக் படம் போட்ட குப்பியை எடுத்து அவள் மேசையில் வைத்தேன். அவள் மூடியைத் திறந்து மணந்தாள். முகத்தில் இருந்த சிரிப்புப் போய்விட்டது.

"இது வயித்துக்குப் பாதுகாப்பு எண்டு பாத்தது, அங்கிள். சூடாக்கி நெஞ்சுக்குள்ள இழுக்கிறதுக்குப் பாக்கேல்லை. பட்டர் வாசத்துக்கு விடுற இரசாயனம் ஒண்டு இருக்கு, டையசெற்றில் எண்டு. பொப்கோர்ன் ஃபக்டரியில அதைச் சுவாசிச்ச ஆக்களுக்கு நுரையீரலின்ர சின்னக் குழாயெல்லாம் தழும்பாப் போனது. இதுக்குள்ள அது இருக்கோ, வேற என்ன இருக்கோ, ஆருக்குத் தெரியும்?"

"அப்ப கடைத் தண்ணி?" என்றான் தவராசா.

"அதிலயும் எத்தனையோ வாசம். கனக்க வருசம் இழுத்தா என்ன செய்யும் எண்டு இன்னும் வடிவாத் தெரியாது."

வைத்தியர் படம் எடுத்துப் பார்த்தார். எசன்சையும் மின்சிகரெட்டையும் இன்றே நிறுத்தச் சொன்னார். மூச்சு எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாதாம். இந்தக் கோடைக்கு விசில் இல்லை.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஏன்டா எசன்சை மறைச்சனி?"

"சொன்னா நேசமலர் உன்னை வீட்டுக்குள்ள அடுக்க மாட்டாள். பிறகு சனிக்கிழமையில எங்க போய்ச் சாப்பிடுவாய்?"



அன்று பின்னேரமே குப்பியையும் எடுத்துக்கொண்டு நேசமலரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குப்பியைக் குப்பையில் போட்டாள். என்னோடு இரண்டு கிழமை பேசவில்லை. பிறகு சுபானியிடம் போனேன்.

"விசிலை நான் ஊதுறன். பாக்கிறது அவன்."

"உங்களை ஆர் அங்கிள் நம்புவினம்?"

"என்னை நம்ப வேண்டாம் பிள்ளை. அவனை நம்புறியள்தானே."

போட்டியன்று தவராசா ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறி உட்கார்ந்தான். நான் நாற்காலிக்குக் கீழே விசிலோடு நின்றேன். பிழை கண்டால் அவன் சப்பாத்து நுனியால் என் உச்சியில் ஒரு தட்டுத் தட்டுவான், நான் ஊதுவேன், அவன் கை காட்டுவான். முதல் ஆட்டத்தில் பொடியன்கள் சிரித்தார்கள். இரண்டாவதில் எதிர்த்து வாதாடினார்கள். அப்போதுதான் எனக்கு நிம்மதி வந்தது. உண்மையான நடுவரோடுதான் வாதாடுவார்கள்.

இறுதியாட்டம் இழுபட்டு முடிந்தபோது நேசமலர் ஐஸ் பையோடு வந்தாள். என் தலையில் தேவைக்கு மேல் கொஞ்சம் அழுத்தித்தான் வைத்தாள்.

"உங்களுக்கு இது வேணும் அண்ணை," என்றாள். பையைத் திருப்பி வைத்துவிட்டு, "சனிக்கிழமை வாங்கோ."

உச்சியில் எழும்பிய வீக்கம் வாத்து முட்டை அளவு. நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள். தவராசாவைக் கேளுங்கள். ஆட்கள் வலையைக் கழற்றிச் சுருட்டிய பிறகும் அவன் அந்த நாற்காலியில்தான் இருந்தான், இறங்க மனமில்லாமல்.