இத்தாக் கணக்கு

அறுபத்தைந்தாம் வருஷம் மாசிக் கடைசியில், ரங்கூனிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய மைதீன் தென்காசியில் இறங்கியதும் நேரே கிதிர் முகம்மதுவின் ஜவுளிக்கடைக்குத்தான் போனான். அவருடைய மருமகன் துல்கர்னைன் காய்ச்சலில் மௌத்தாகி ஐந்து வாரம் ஆகிறது, தானே கூட நின்று அடக்கம் செய்தேன் என்று சொல்லிவிட்டு அழுதான். அந்த நாட்டில் அப்போது கடைகளையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்டிருந்த குழப்பம். தந்தியும் வரவில்லை, கடிதமும் வரவில்லை.

அன்று மாலையே அவர் மகள் ஹாஜரா இத்தாவில் உட்கார்ந்தாள். புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு இறங்கக்கூடாது, அந்நிய ஆண் கண்ணில் படக்கூடாது. பின்கட்டில் ஒரு அறை, வாசலுக்கு ஒரு திரை, மேற்கே பார்த்து ஒரு ஜன்னல். துல்கர்னைனோடு அவள் வாழ்ந்ததே மூன்று மாதம்தான். அந்த மூன்று மாதத்துக்கு அழுது தீர்க்கவே அவளுக்குப் பங்குனியும் சித்திரையும் வேண்டியிருந்தது.

அழுது ஓய்ந்த பிறகுதான் மதராஸ் பரீட்சை ஞாபகத்துக்கு வந்தது. பாளையங்கோட்டையில் கணக்கில் பி.ஏ. முடித்தவள் அவள். மதராசில் ஒரு மேற்படிப்பு நிலையத்தில் படிப்பும் கொடுத்து, விடுதியும் கொடுத்து, மாதம் உதவித்தொகையும் கொடுக்கிறார்கள் என்று எங்கேயோ படித்துவிட்டு, விண்ணப்பம் போடு என்று ரங்கூனிலிருந்து விடாமல் எழுதியவன் துல்கர்னைன். நுழைவுப் பரீட்சைக்கு ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகமும் வாங்கி அனுப்பியிருந்தான். பாடத்தில் ஒரு கேள்வியும் கிடையாது, முழுக்க மூளையைச் சோதிக்கிற கேள்விகள். ஆனி மாதத்தில் பரீட்சை, திருநெல்வேலியில்.

இதை விட்டால் அவளுக்கு இன்னொரு வழிதான் இருந்தது, அது ராயகிரியில் இருந்தது. இத்தா முடிந்ததும் அங்கே பஞ்சு வியாபாரம் செய்கிற முகம்மது கனிக்கு, பெண்டாட்டியை இழந்து இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறவருக்கு, அவளைக் கட்டிக்கொடுப்பதாகப் பேச்சு. நல்ல மனுஷர் என்று எல்லாரும் சொன்னார்கள். நல்ல மனுஷரிடம் மாட்டிக்கொண்டால் தப்பிக்கிற வழியே கிடையாது என்று ஹாஜராவுக்குத் தோன்றியது.

சந்நிதித் தெருவிலிருந்து சாவித்ரி தினமும் வருவாள். கல்லூரியில் ஒரே பெஞ்சு. அவளும் அதே பரீட்சைக்கு விண்ணப்பித்திருந்தாள். கைக்கடிகாரத்தைக் கழற்றித் தரையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் கேள்விகளைப் போடுவார்கள். சாவித்ரிக்கு ஒரு வியாதி, கேள்வியில் இல்லாததையெல்லாம் தானாகச் சேர்த்துக்கொள்வாள். வியாபாரிகள் எல்லாரும் குடை வைத்திருக்கிறார்கள், ராமன் குடை வைத்திருக்கிறான், அப்படியானால் ராமன் வியாபாரியா என்று கேட்டால், சந்தேகமென்ன என்பாள். சீசனுக்குக் குற்றாலம் வருகிறவன் அத்தனை பேரும் குடை வைத்திருக்கிறானே, அவ்வளவு பேரும் வியாபாரியா என்று ஹாஜரா கேட்பாள். சொன்னதை மட்டும் எடு, சொல்லாததைத் தொடாதே என்று கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொடுத்தாள். அந்த அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டதும் அப்போதுதான். உம்மா சைதூன் பீவி திரைக்கு வெளியே நின்று மெதுவாக இருமுவாள், இரண்டு பேரும் அடங்கிவிடுவார்கள்.

பரீட்சை நாள்தான் ஹாஜராவுக்கு இடித்தது. மைதீன் வந்த நாளிலிருந்து எண்ணினால் பரீட்சை இத்தாவுக்குள் விழுந்தது. இன்னும் இரண்டே வாரம் தள்ளி வைத்திருந்தால் என்ன கெட்டுப்போயிற்று என்று முகம் தெரியாத அந்த மதராஸ்காரர்களை அவள் மனசுக்குள் வைதாள்.

புத்தகத்தின் கடைசிப் பகுதி வேறு மாதிரி. ஒரு முடிவைச் சொல்லிவிட்டு, வெளியே சொல்லாமல் அதற்கு அடியில் வைத்திருக்கிற அனுமானம் என்ன என்று கேட்கிற கேள்விகள். வைகாசிக் கடைசியில் ஒரு மத்தியானம் அதைப் போட்டுக்கொண்டிருந்தவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். இத்தா செய்தி வந்த நாளில் தொடங்கியது என்று இந்த வீட்டில் எல்லாரும் நினைக்கிறார்கள். யார் சொன்னது? ஒருவரும் சொல்லவில்லை. புருஷன் இறந்த அன்றைக்கே அவள் விதவை. தெரியாமல் இருந்ததனால் அந்த ஐந்து வாரமும் இல்லை என்று ஆகிவிடுமா? இறந்த நாளிலிருந்து எண்ணினால் பரீட்சைக்கு முன்பே இத்தா முடிந்துபோகிறது. சாவித்ரிக்குப் பாடம் எடுத்துவிட்டு, தானும் சொல்லாததைச் சேர்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறோம் என்று அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

ஆனாலும் இது மார்க்க விஷயம். புத்தகத்தைப் பார்த்து முடிவு செய்கிற காரியம் இல்லை. வாப்பா கடையிலிருந்து சாப்பிட வந்ததும், பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டு வரச் சொன்னாள். கிதிர் முகம்மது கேட்டுக்கொண்டார். மறுநாள் லுஹர் தொழுதுவிட்டு வந்தவர் திரைக்கு அந்தப் பக்கம் நின்றபடியே சொன்னார்.

"கேட்டேம்மா. மௌத்துத் தாக்கல் வந்த நாள்லேருந்துதான் கணக்காம். அல்லாட சட்டம், நாம என்ன செய்ய முடியும்."

ஹாஜரா சரி என்றாள். ஒரு வாக்கியத்தில் எங்கே ஓட்டை என்று நொடியில் கண்டுபிடிக்கிறவளுக்கு, அந்த வாக்கியத்தைச் சோதித்துப் பார்க்கவேண்டும் என்றே தோன்றவில்லை. வாப்பா அவளிடம் எதற்கும் பொய் சொன்னதில்லை, அதுவும் அல்லாவின் பெயரை வைத்துச் சொல்வாரா?

பரீட்சையன்று சாரல் விழுந்துகொண்டிருந்தது. குற்றால மலை இருக்கிற இடமே தெரியவில்லை. சாவித்ரி போகிற வழியில் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்று, போய்வரட்டுமா என்று கேட்டாள். குடை எடுத்துக்கொண்டாயா என்று மட்டும் ஹாஜரா கேட்டாள். ரயில் கூவியதைக் கேட்டபிறகு புத்தகத்தை எடுத்து அரிசிப்பெட்டிக்கு அடியில் தள்ளிவிட்டாள். பத்து நாளில் சாவித்ரிக்கு இடம் கிடைத்துவிட்டது. அதைச் சொல்ல வந்தவள் சொல்லமுடியாமல் அழுதாள், ஹாஜராதான் அவளைத் தேற்றினாள்.

இத்தா முடிகிற நாளும் வந்தது. துஆ ஓதவேண்டும் என்று உம்மா தன் போக்கில் ஹஜ்ரத்துக்கு ஆளனுப்பிவிட்டாள். வாப்பா அப்போது கடையில் இருந்தார். வயசான ஹஜ்ரத் முன்கட்டில் வந்து உட்கார்ந்து, என்ன விசேஷம் என்று விசாரித்தார். உம்மா கதவுக்குப் பின்னால் நின்று சொன்னாள். அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"இத்தா முடிஞ்சு ஒரு மாசத்துக்கு மேல ஆவுதே. மௌத்தான நாள்லேருந்துதான் கணக்குன்னு கிதிருட்ட அப்பமே சொன்னேனே. பிள்ளைய இன்னுமா உள்ள வச்சிருக்கிய?"

திரைக்கு இந்தப் பக்கம் ஹாஜராவுக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

கிதிர் முகம்மது வந்தபோது ஹஜ்ரத் போய்விட்டிருந்தார். உம்மா முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"மாப்பிள்ள ரங்கூனுக்குப் போவ மாட்டேன்னுதான் சொன்னாவ. நாந்தாம்மா பிடிச்சு ஏத்திவிட்டேன். ஒன்னையும் ஒரு ரயில்ல ஏத்திவிட எனக்குத் தெம்பில்ல."

ஹாஜரா அவரைப் பார்த்தாள். பாவமாகத்தான் இருந்தது. அந்தப் பாவம் நெஞ்சுக்குள் இறங்க மறுத்தது.

"போவாதேன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா போயிருக்க மாட்டேன் வாப்பா. அல்லா சொன்னதா சொல்லிட்டியளே."

அவர் எழுந்து போகவில்லை. உம்மா வந்து, இனி வெளியே வரலாம், எழுந்திரு என்று திரையைக் கழற்றினாள். ஹாஜரா அசையவில்லை. மைதீன் செய்தி கொண்டுவந்த அன்று வாப்பாவின் தோளில் சாய்ந்துகொண்டுதான் அவள் அழுதாள். இன்றைக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்த அவரை விட்டுவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள்.