பார்க்காமல் போட்ட டிக்

ஆறு வாரங்களாக ரோலண்டை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

மார்ல் லேனில் மொத்தமே பதினோரு வீடுகள். ஒரு பக்கம் கோதுமை வயல், மறுபக்கம் பிலிப்பாவின் குதிரைகள் மேயும் புல்வெளி. டவுனுக்குக் காரில் இருபத்தைந்து நிமிஷம். முன்னால் டிராக்டர் போனால் கடவுள் விட்ட வழி. ஆம்புலன்ஸுக்கும் அதே பாதைதான். அதனால்தான் தெருமுனையில் சும்மா நின்றுகொண்டிருந்த பழைய சிவப்பு டெலிபோன் கூண்டுக்குள், நின்றுபோன இதயத்தை மின்சாரத்தால் உலுக்கி ஓடவைக்கும் மெஷின் ஒன்றை வாங்கி வைத்தார்கள்.

அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ரோலண்டுக்கு. வேறு யாருக்குக் கொடுப்பது? முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் பரிசோதகராக இருந்தவர். கம்பிவடத்தைக் கண்ணால் பார்க்காமல் ஒரு காகிதத்திலும் டிக் போட்டதில்லை.

வேலை சின்னது. வெள்ளிக்கிழமை தோறும் கூண்டுக்குப் போக வேண்டும். மெஷினில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். சிவப்பு எரிந்தால் பாட்டரியை மாற்ற வேண்டும். வீட்டுக்கு வந்து நோட்டில் தேதிக்கு எதிரே ஒரு டிக். நான்கு வருஷத்தில் இருநூறு டிக்குகள் போட்டிருந்தார். அதில் ஒன்றே ஒன்று பொய்.

அது ஜூலை மாதத்து வெள்ளிக்கிழமை. கூண்டுக்குக் கிளம்பியவரை இரண்டு வீடு தள்ளி, வேலிச்செடிக்கு மேலிருந்து ஒரு குரல் நிறுத்தியது.

"யோவ் இன்ஸ்பெக்டர்! எங்க ஓடறே? இங்க வா, முதல் பீன்ஸ் வந்திருக்கு."

நெவில். எழுபது வயது, சிவந்த முகம், எப்போதும் முழங்காலில் மண்.

"கூண்டைப் பாத்துட்டு வந்துடறேன்யா."

"கூண்டு எங்கேயும் ஓடிப்போகாது. வாழ்க்கை முழுக்க லிஃப்டுக்குள்ளேயே கிடந்தவன்தானே நீ. கொஞ்சம் வெளிக்காத்துப் படட்டும்."

"போன வருஷம் உன் பீன்ஸைக் கடிச்சுத்தான் என் பல்லு போச்சு."

"பல்லு போனது உன் வயசால. பீன்ஸ் மேல பழி போடாதே."

சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போய்விட்டார். சிவப்புப் பூவுக்கு நடுவே விரல் நீளத்தில் ஏழெட்டுக் காய்கள். அதற்கு ஒரு மணி நேரப் பிரசங்கம். நெவிலின் பீன்ஸ் தெருவுக்கே தெரிந்த சங்கதி. ஆகஸ்ட் பிறந்துவிட்டால் வெள்ளிக்கிழமை தோறும் காய்களைப் பைபையாகக் கட்டி, பத்து வீட்டு வாசல் கேட்டிலும் மாட்டிவிட்டு வருவார். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வந்ததில்லை. சொல்லாமல் ஃப்ரீசரை நிரப்பிக்கொள்வார்கள்.

அன்றைக்குப் பேச்சு முடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ரோலண்ட் வீட்டுக்கு ஓடினார். நனைந்த சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டார். மேஜையில் நோட்டு திறந்தே கிடந்தது. போன வாரம் பச்சைதானே, இந்த வாரம் என்ன ஆகிவிடப்போகிறது? டிக் போட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை நெவில் உரக்குழி பக்கத்தில் சுருண்டு விழுந்தார். அவர் மனைவி மோரீன் ஆம்புலன்ஸுக்கு போன் செய்து, அவர்கள் சொன்னபடி கூண்டுக்கு ஓடி, மெஷினைத் தூக்கிக்கொண்டு திரும்ப ஓடிவந்தார். ஆம்புலன்ஸ் வர இருபத்தெட்டு நிமிஷம் ஆனது. நெவில் எழுந்திருக்கவே இல்லை.

டவுனில் பல் டாக்டரிடம் போயிருந்த ரோலண்ட், சாயங்காலம் வந்துதான் கேள்விப்பட்டார். சொன்னது குதிரைகள் வளர்க்கும் பிலிப்பா.

"மெஷின் தன்னால ஆனதைச் செஞ்சுதாம். மோரீனே சொன்னா. நேரம்தான் கடந்துபோச்சாம். அதை நல்லபடியா வெச்சிருந்தீங்களே ரோலண்ட், அந்த மட்டும் புண்ணியம். நான்தான் திரும்பக் கொண்டுபோய் வெச்சேன்."

ரோலண்ட் கூண்டுக்குப் போனார். சிவப்பு விளக்கு. பட்டனை அழுத்தினார். சத்தமே இல்லை. புது பாட்டரி அவர் வீட்டு மேஜை இழுப்பறையில்தான் இருந்தது. கொண்டுவந்து மாட்டினார். பச்சை எரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு அங்கேயே வெகுநேரம் நின்றார்.

மோரீன் பதற்றத்தில் மெஷினைக் கவனித்திருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டார். யாரும் எதுவும் கேட்கவில்லை. மாறாக, ஆப்பிள் கேக் சுட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்கள். "உயிர் நண்பரை இழந்துட்டீங்களே" என்று தோளைத் தொட்டார்கள். மோரீன் ஜன்னலிலிருந்து கையசைத்தார். ரோலண்ட் வாரா வாரம் மோரீன் வீட்டுக் குப்பைத் தொட்டியை வாசலுக்குத் தள்ளி, காலியானதும் இழுத்துவந்து வைத்தார். வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் கடைசியில், சேறு அப்பிய பூட்ஸோடு பிலிப்பா வந்து நின்றார்.

"சனிக்கிழமை கூண்டுல பித்தளைப் பலகை வைக்கறோம். மேல 'நெவில் டாரன்ட் நினைவாக'. கீழ 'பராமரிப்பு: ரோலண்ட் பிம்'. நீங்க ரெண்டு வார்த்தை பேசணும்."

"என் பேர் வேண்டாம் பிலிப்பா."

"அடக்கமெல்லாம் அப்புறம். பலகை செஞ்சு வந்தாச்சு. எழுத்தைச் சுரண்டவா முடியும்?"

மறுநாளே ரோலண்ட் மோரீன் வீட்டுச் சமையலறைக் கதவைத் தட்டினார்.

"வாங்க ரோலண்ட். டீ?"

"இல்ல மோரீன், ஒரு விஷயம் சொல்லணும்..."

"டீ இல்லாம என்ன விஷயம்? உட்காருங்க." கெட்டில் ஸ்விட்சைத் தட்டிவிட்டார். "மழை வரும் போல இருக்கு."

"சாயங்காலம் வருதாம்."

"இந்த வாரம் குப்பை வண்டிக்குப் பச்சைத் தொட்டியா, கறுப்பா?"

"கறுப்பு. நான் தள்ளி வெச்சுடறேன்."

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

ஜன்னலுக்கு வெளியே நெவிலின் பந்தல் தெரிந்தது. ஆறு வாரமாகப் பறிக்காத பீன்ஸ் முழ நீளத்துக்குத் தொங்கி, மூங்கில்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன.

"மோரீன், அந்த மெஷின்..."

"பிஸ்கட் எடுத்துக்குங்க."

"பாட்டரி செத்திருந்தது மோரீன். அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை நான் கூண்டுக்கே போகல. போய்ப் பார்த்ததா எழுதிட்டேன்."

மோரீன் பிஸ்கட் டப்பாவை மூடினார். மூடியின் நாலு மூலையையும் ஒவ்வொன்றாக அழுத்தினார்.

"தெரியும்" என்றார்.

ரோலண்ட் நிமிர்ந்து பார்த்தார்.

"பட்டனை எத்தனை தடவை அழுத்தினேன்னு எனக்குத்தானே தெரியும். போன்ல அந்தப் பொண்ணு, 'மெஷின் என்ன சொல்லுதும்மா, என்ன சொல்லுது'ன்னு கேட்டுக்கிட்டே இருக்கா. அது ஒண்ணுமே சொல்லல. அப்புறம் கையாலேயே அழுத்தினேன், அவங்க வர்ற வரைக்கும்."

"அப்போ பிலிப்பாகிட்ட ஏன் அப்படி..."

"வேற என்ன சொல்றது? நெவில் செத்தது போய், பாட்டரி செத்ததுதான் இந்தத் தெருவுக்குப் பேச்சா இருந்திருக்கும். எனக்கு அது வேண்டாம்." கெட்டில் கொதித்து அணைந்தது. மோரீன் டீயை ஊற்றி அவர் முன்னால் வைத்தார். "அன்னிக்கு நீங்க ஏன் போகலேன்னும் தெரியும். மத்தியானம் சாப்பிடும்போது சொல்லிச் சொல்லிச் சிரிச்சார். 'இன்ஸ்பெக்டரைக் கூண்டுப் பக்கமே விடல, சட்டையைப் பிடிச்சு நிறுத்திட்டேன்'னு."

ரோலண்ட் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. மோரீன் எதிரே உட்கார்ந்திருந்தார். தொடவில்லை.

"மெஷின் வேலை செஞ்சிருந்தா பொழச்சிருப்பாரா? டாக்டர் ஏதாவது..."

"'இருக்கலாம், இல்லாமலும் போகலாம்'னார். அந்த 'இருக்கலாம்' கூடத்தான் தினமும் படுத்து எந்திரிக்கறேன்."

"என்னை மன்னிப்பீங்களா மோரீன்?"

மோரீன் அவருடைய கோப்பையைத் தொட்டுப் பார்த்தார்.

"ஆறிப்போச்சு. வேற போடறேன்."

கெட்டில் மறுபடி கொதிக்கும்வரை முதுகைக் காட்டிக்கொண்டே நின்றார். பிறகு திரும்பாமலே சொன்னார்: "சனிக்கிழமை வந்துடுங்க. வரலேன்னா ஏன்னு கேப்பாங்க."

சனிக்கிழமை ரோலண்ட் போனார். நெவில் நல்ல மனிதர், நல்ல தோட்டக்காரர் என்று இரண்டு வாக்கியம் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். மோரீனும் தட்டினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை நல்ல வெயில். இப்போதெல்லாம் நோட்டைக் கையோடு எடுத்துக்கொண்டுதான் கூண்டுக்குப் போகிறார் ரோலண்ட். வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு திரும்பியபோது, தெருவின் மேல்பக்கத்து கேட்டுகளில் பைகள் தொங்குவதைப் பார்த்தார். பீன்ஸ். முற்றல் போக மிச்சத்தை மோரீன் பறித்துவிட்டிருந்தார்.

இரண்டு பைகளோடு மோரீன் இறங்கி வந்துகொண்டிருந்தார். ரோலண்டுக்கு முந்தைய வீட்டு கேட்டில் ஒன்றை மாட்டினார்.

"குட் மார்னிங் ரோலண்ட். நல்ல வெயில்."

"ஆமா மோரீன். நல்ல வெயில்."

மோரீன் சிரித்த முகமாகத் தலையசைத்தார். ரோலண்டின் கேட்டைத் தாண்டி நடந்தார். அடுத்த வீட்டு கேட்டில் கடைசிப் பையை மாட்டிவிட்டு, தெருவைக் கடந்து எதிர்ப்பக்கமாகவே திரும்பிப் போனார்.

ரோலண்ட் தன் கேட்டைப் பார்த்தார். நெவில் பை மாட்டுவதற்கென்றே அடித்துக்கொடுத்த ஆணி வெயிலில் மின்னியது.

கூண்டுக்குப் போனார். பச்சை விளக்கு. இன்னொரு முறை பார்த்தார், பச்சைதான். பித்தளைப் பலகையில் இருந்த தன் பெயரைப் பார்க்காமல், அங்கேயே நின்று டிக் போட்டார்.

வெளியே வந்தபோது பிலிப்பா குதிரைமேல் வந்துகொண்டிருந்தார். சேணத்தில் ஒரு பை ஆடிக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா, மறுபடியும் பீன்ஸ்!" என்று சிரித்தார் பிலிப்பா. "போன வருஷத்ததே ஃப்ரீசர்ல கிடக்கு. உங்களுக்கும் வந்துச்சா?"

"வந்துச்சு" என்றார் ரோலண்ட்.